ஊசி பழகும் முகங்கள்

நாற்காலியில் சாய்ந்து கிடந்த பெண்ணின் மேலுதட்டை விரலால் லேசாக உயர்த்தியபோது, ரிந்தலா தான் செய்து மாட்டிய பல்லைப் பார்த்தாள்.

இடப்பக்கக் கோரைப்பல். ஈறோரத்தில் பழுப்பாகத் தொடங்கி நுனிக்கு வரும்போது வெளுத்துப்போகும் நிறம், பக்கத்துப் பற்களோடு ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே விட்ட சின்னக் கீறல். போன குளிர்காலத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அந்தக் கீறலைத் தீட்டியவள் அவள்தான். ஊரில் யாரை வேண்டுமானாலும் ரிந்தலா மறந்துபோவாள், தான் செய்த பல்லை மறக்கமாட்டாள். அது ஃபுர்ன் எல் ஷெப்பாக் பகுதியில் அவளுடைய பல் கிளினிக்குக்கு எதிரே ரொட்டி சுடும் நுஹாத்தின் பல். நுஹாத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படியொரு பொம்பளை.

நாற்காலியில் கிடந்தவளுக்கு முப்பதுக்கு மேல் ஒரு நாள்கூடச் சொல்ல முடியாது. நெற்றி வழவழவென்று இருந்தது. கன்னம் ஏறி, மூக்கு இறங்கி, உதடு அளவாகப் பூரித்து, எதிலும் குறை சொல்ல முடியாத முகம். உதட்டோரத்தில் ஒரு புன்னகை, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி அப்படியே இருந்தது.

"பல்லைப் பாக்கற புத்தி இன்னும் போகலையா ஹபீப்தி, என் கண்ணு?" பின்னாலிருந்து டாக்டர் லுபானாவின் குரல் வந்தது. "நாம இருக்கறது உதட்டுக்கு மேல."

ரிந்தலா விரலை எடுத்துக்கொண்டாள். உதடு தானாக மூடி, பழைய புன்னகைக்குத் திரும்பியது.

பெய்ரூத்தில் பல் வலியோடு வருகிறவர்கள் குறைந்து, பல் வலியைப் பொறுத்துக்கொண்டு நெற்றிக் கோட்டை அழிக்க வருகிறவர்கள் கூடிப்போன காலம் அது. பல்லை வாயை மூடி மறைத்துவிடலாம், நெற்றியை என்ன செய்வது? அதனால் பல் மருத்துவர்கள் ஒவ்வொருவராக முகத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொடுப்பவர்களில் பெயர் வாங்கியவள் லுபானா. பதாரோ பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், சனிக்கிழமைதோறும் மத்தியானம் அவள் வகுப்பு. "உங்களுக்கு என்ன கவலை?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "காலைல காபிக்கு முன்னாடியே நாலு பேர் வாய்ல குத்திட்டு வர்றவங்க நீங்க. மூஞ்சியில எந்த நரம்பு எங்க ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

ரிந்தலா அரைமனதாகத்தான் சேர்ந்தாள். அவள் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே, நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள் உண்டு. முறைத்துக்கொண்டே பிறந்தவள் என்று அவள் அப்பா சொல்வார். அத்தை, தோழிகள், கட்டடக்காரர், வருகிற நோயாளிகள் என்று எல்லோரும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. 'அதைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டா எவ்வளவு லட்சணமா இருப்ப!' அவளா கேட்பாள்? வேண்டாத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னபோது, கிளினிக்கைக் காலி செய்யச் சொன்னவனிடம் முடியாது என்று சொன்னபோது, ஊரே கப்பலேறியபோது நான் போகமாட்டேன் என்று நின்றபோது, ஒவ்வொரு தடவையும் ஆழமாகி ஆழமாகி விழுந்த கோடு அது. அடுத்தவர் முகத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொள்ளலாம், அது தொழில். தன் முகத்தைத் தொட விடுவதாக இல்லை.

அங்கேதான் சிக்கல். லுபானாவின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசி போடக் கற்றுக்கொள்கிறவர் தானும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூடப் படிக்கிறவர்தான் போடுவார். போன சனிக்கிழமை, ஸஹ்லே ஊரிலிருந்து வந்து படிக்கும் பல் மருத்துவன் வஜ்தி முந்திக்கொண்டான். "எனக்குப் போடு ரிந்தலா. என் பொண்டாட்டி அடையாளம் தெரியாம என்னை வீட்டைவிட்டுத் துரத்தணும், எனக்கு ஒரு விடுதலை கிடைக்கணும்," என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறிப் படுத்தான். ரிந்தலாதான் போட்டாள். அவள் முறை வந்தபோது தலைவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். லுபானா தலையாட்டினாள். அடுத்த வாரம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த அடுத்த வாரம் இன்றைக்கு.

"கன்னத்து மேட்டுல, எலும்பைத் தொடுற மாதிரி," என்றாள் லுபானா. "மெதுவா."

ரிந்தலா ஊசியை எடுத்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே தெருவின் ஜெனரேட்டர் விட்டு விட்டு உறுமியது, டீசல் புகையும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் எங்கிருந்தோ ஏறி வந்து அறையின் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் மணத்தோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன, தலைக்கு மேலே விளக்கு மங்குவதும் தெளிவதுமாக இருந்ததில் நாற்காலியில் கிடந்தவளின் முகம் கிட்டே வருவதும் தள்ளிப்போவதுமாகத் தோன்றியது. இது நுஹாத்தின் முகமா இல்லையா என்று ரிந்தலா நினைத்துப் பார்த்தாள். நுஹாத்தின் முகம் எப்படி இருக்கும்? யோசித்தாள். சிரிப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. பின்பல்லில் பழைய வெள்ளிப் பூச்சு ஞாபகம் வந்தது. ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாம் வரிசையாக வந்தன. முகம் வரவில்லை.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை வருடத் தொழிலில் அவள் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. விளக்கு வாயில் விழும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுவாள், மிச்சத்தைத் துணி மூடிவிடும். கடைத்தெருவில் வணக்கம் சொல்கிறவர்களை யாரென்று தெரியாமல் விழிப்பாள், வாயைத் திறந்து சிரித்தால்தான் தெரியும். இதை ஒரு வேடிக்கையாகவே இதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊசி தோலுக்குள் இறங்கியது.

வெள்ளைத் துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. மெல்ல, மிக மெல்ல, துணியை விலக்கிக்கொண்டு ஒரு கை மேலே வந்தது. இடது கை. மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். விரல் நகங்களில் காய்ந்துபோன மாவு.

ரிந்தலாவின் நாற்காலியில் படுக்கிற எல்லோருக்கும் அவள் சொல்கிற ஒரே ஒரு வாக்கியம் உண்டு. வாயில் ஊசியும் பஞ்சும் இருக்கும்போது பேச முடியாது, அதனால் 'வலிச்சா இடது கையைத் தூக்குங்க.' நுஹாத்துக்கும் சொல்லியிருக்கிறாள். பல முறை.

முகத்தில் புன்னகை. கை மட்டும் உயர்ந்து நின்றது.

லுபானா அந்தக் கையைப் பிடித்து, குழந்தைக்குப் போர்த்துகிறவள் போல, துணிக்குள் வைத்து ஓரத்தைச் செருகினாள். "தசை துடிப்பு. ஒண்ணும் இல்ல."

ரிந்தலா குனிந்து அந்தக் காதில் கிசுகிசுத்தாள். "நுஹாத்?"

புன்னகை மாறவில்லை. ஆனால் இரண்டு கண்களும் நிறைந்து, தண்ணீர் காதுப் பக்கம் வழிந்து ஓடியது.

"மாடலோட பேசக்கூடாது," என்றாள் லுபானா.

ரிந்தலா காபி குடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சமையலறையில் வஜ்தி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அடுப்பில் ஏலக்காய்க் காபி பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது, அதை அணைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ரிந்தலா எட்டி அணைத்தாள்.

"வஜ்தி, உள்ள இருக்கறவ எனக்குத் தெரிஞ்சவ. சத்தியமாச் சொல்றேன்."

"அப்படியா," என்றான் வஜ்தி, திரும்பாமல். "எனக்கும்கூட இப்ப எல்லாரும் தெரிஞ்சவங்க மாதிரியே இருக்காங்க."

"விளையாடாத."

"நான் விளையாடலை." குரல் அவனுடையதுதான், அதே கேலி இழுப்பு. "என் பொண்டாட்டி துரத்தலை ரிந்தலா. இப்பத்தான் அழகா இருக்கன்னு சொன்னா. சின்னவ மட்டும் கிட்ட வரமாட்டேங்குறா. அப்பா எங்க, அப்பா எங்கன்னு என்கிட்டயே கேக்குறா."

அவன் திரும்பினான். பூசணி விதை கொறித்துக் கொறித்து முன்பல்லில் விழுந்த சின்னப் பள்ளம், அதைப் பார்த்ததும் வஜ்திதான் என்று அவள் மனம் சமாதானமாகிவிட்டது. பல்லைப் பார்த்ததும். எப்போதும் போல. அடி முட்டாளே, மேலே பார், என்று ரிந்தலா தன்னைத் தானே அதட்டினாள். கண்ணைப் பல்லிலிருந்து பிடுங்கி மேலே ஏற்றினாள். மூக்கு. கன்னம். நெற்றி.

நாற்காலியில் கிடந்தவளின் முகம்.

ஆண் முகம்தான், லேசாகத் தாடி இருந்தது. ஆனாலும் அதே முகம். அதே ஏற்றம், அதே இறக்கம், அதே புன்னகை. வாசலில் பெயர் கேட்டு உட்காரச் சொல்லும் பெண்ணுக்கும் அதே முகம். இத்தனை சனிக்கிழமையும் வந்து படுத்த மாடல்கள் எல்லோருக்கும் அதே முகம். லுபானாவுக்கும். ரிந்தலா ஒவ்வொருவர் பல்லாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் வேறு வேறு ஆளென்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு எந்தத் தொழில்காரி வந்திருந்தாலும் முதல் நாளே அலறிக்கொண்டு ஓடியிருப்பாள்.

விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் நின்றுபோய் அரசாங்க மின்சாரம் வருவதற்கு இடையில் எப்போதும் விழுகிற இருட்டு. அந்த இருட்டில் வஜ்தி மூச்சு விடுவது கேட்டது. மிகக் கிட்டே கேட்டது.

"போயிடு," என்றான் அவன். கேலி இல்லை. "உன்னால நெத்தியச் சுருக்க முடியறப்பவே போயிடு."

விளக்கு வந்தபோது புன்னகைத்துக்கொண்டு நின்றான்.

ஓடியிருக்கலாம். கதவு இடப்பக்கம், படி அதற்கு அப்புறம். ரிந்தலாவின் கால்களும் அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தன. ஆனால் உள்ளே அவள் நோயாளி ஒருத்தி கையைத் தூக்கியிருக்கிறாள். கை தூக்கினால் நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். என்ன ஆனாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி உள்ளே போனாள்.

லுபானா வெள்ளைப் பென்சிலோடு காத்திருந்தாள். "வா. ஊசி போடற இடத்துல புள்ளி வச்சிடலாம். இப்ப உன் முறை."

"எனக்கு வேணாம்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க ஹபீப்தி."

"நான் கடைசியிலயும் அதையேதான் சொல்வேன்."

"அந்தக் கோடு உனக்கு என்ன செஞ்சிருக்கு? சொல்லு. பாக்கறவங்க பயப்படறாங்க. உன்னையே உனக்குப் பிடிக்காம பண்ணிருக்கு."

"எனக்கு என்னைப் பிடிக்கலைன்னு உனக்கு யார் சொன்னா?" ரிந்தலா முறைத்தாள். வேண்டுமென்றே, இழுத்துப் பிடித்து, இரண்டு கோடும் எலும்பு வரை இறங்கும்படி முறைத்தாள். "இவ யாரு?"

"மாடல்."

"பேரு?"

"மாடலுக்குப் பேரு கேக்கற வழக்கம் இல்ல."

"இவ நுஹாத். அந்தப் பல்லு நான் போட்டது."

"பல்லு அவளுதா இருக்கலாம்," என்றாள் லுபானா.

துணிக்கு அடியில் மறுபடி அசைவு. நுஹாத்தின் இடது கை உயர்ந்தது. பின்னால் துணி உரசும் சத்தம். ரிந்தலா திரும்பினாள். வாசலில் வஜ்தி நின்றான், அவனுடைய இடது கை தோளுக்கு மேல் உயர்ந்துகொண்டிருந்தது. அவனும் பல் மருத்துவன். அவனும் தன் நோயாளிகளுக்கு அதையேதான் சொல்லியிருப்பான். முகம் புன்னகைத்தது.

அப்புறம் லுபானாவின் கை.

அவளுடைய வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. விரல்கள் விரிந்தன. முழங்கை வரை. தோள் வரை. லுபானா அதைப் பார்க்கவே இல்லை. ரிந்தலாவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே, வலது கையால் அதைப் பிடித்து அழுத்திக் கீழே இறக்கி, பைக்குள் திணித்தாள். பைக்குள் அது துடித்தது.

"தசை துடிப்பு," என்றாள்.

ரிந்தலா துணியை உருவி எறிந்தாள். நுஹாத்தின் கையைப் பற்றினாள். அந்தக் கை இரும்புப் பிடியாக அவள் கையைப் பற்றிக்கொண்டது. "எந்திரிங்க! எந்திரிங்க நுஹாத்!" இழுத்து எழுப்பித் தள்ளிக்கொண்டு நடந்தாள். லுபானா கத்தவில்லை. கல்யாண வீட்டில் சட்டைக் காலரைச் சரி செய்ய வருகிற அத்தை மாதிரி நிதானமாகக் கிட்டே வந்தாள். ரிந்தலாவின் புருவங்களுக்கு நடுவே கொசு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

ரிந்தலா அவளைத் தோளால் இடித்துத் தள்ளினாள். லுபானா சுவரில் மோதினாள், புன்னகைத்தாள். வஜ்தி வழியை விட்டு விலகி நின்றான், கையைத் தூக்கியபடி.

லிஃப்ட் ஓடவில்லை. படி. இருட்டு. ஈரக் கைப்பிடி. நுஹாத்தின் செருப்பில்லாத கால்கள் சளக் சளக் என்று பின்னால். யாரும் துரத்தி வரவில்லை. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது, அதன் வெளிச்சம் படிக்கட்டில் கடைசிவரை விழுந்துகொண்டிருந்தது. துரத்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரிந்தலாவுக்குத் தோன்றியது. துரத்தத் தேவையில்லை என்று நினைக்கிறார்களே!

கார் ஓட்டும்போது கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. கண்ணாடியை உடைத்துப் போடவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நுஹாத் புன்னகைத்துக்கொண்டு அழுதாள். வழியெல்லாம் ரிந்தலா வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். லுபானாவை, மழையை, முன்னால் போகிற டாக்ஸியை, அரைமனதாக அந்த வகுப்பில் சேர்ந்த தன்னை. திட்டத் திட்டக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவளுடைய கிளினிக் சாவி வெட்டுகிற கடைக்கு மேலே, முதல் மாடியில். எதிரே நுஹாத்தின் ரொட்டிக்கடை பூட்டிக் கிடந்தது. எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது? அதுகூட அவள் கவனித்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கதவை உள்ளே தாழிட்டாள். விளக்கைப் போட்டாள். தன் நாற்காலி, தன் விளக்கு, கிராம்பு எண்ணெயின் காரமான வாசனை. கொஞ்சம் மூச்சு வந்தது.

வகுப்பில் சேர்ந்த அன்று கொடுத்த பையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. ஊசியில் போட்டது தவறிப்போனால் அதைக் கரைக்கிற மருந்து. ஒன்றே ஒன்று. 'வேலையே வராது, இதை இதுவரை யாரும் கேட்டதில்லை,' என்று லுபானா சொல்லியிருந்தாள். ரிந்தலா குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சி எடுத்தாள். மருத்துவப்படி இது இத்தனை வேகத்தில் கேட்காது, இத்தனை மாற்றத்தைத் திருப்பாது. மருத்துவப்படி அந்த முகமே வந்திருக்கக் கூடாது. மருத்துவம் கிடக்கட்டும்.

இடது கன்னத்தில் குத்தினாள். இடது நெற்றியில். கண்ணோரத்தில். காத்திருந்தாள்.

தோல் நடுங்கியது. அடியில் ஏதோ இளகி நகர்ந்தது. கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்தது, அப்புறம் இன்னொன்று, கண்ணோரத்தில் கோடு கோடாக, நெற்றியில் வரி வரியாக, தாடை தளர்ந்து, இமை தொங்கி, மூக்கோரத்தில் ஒரு கறுப்பு மச்சம் மேலே மிதந்து வந்தது. அறுபது வயசு முகம். பாதி முகம். இத்தனை அழகான எதையும் ரிந்தலா தன் ஆயுளில் பார்த்ததில்லை. முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தாள், ஒரு கோடு விடாமல்.

வாயின் இடது பாதி அசைந்தது. "டாக்டரம்மா..." வலது பாதி புன்னகைத்துக்கொண்டிருந்தது. "உள்ளதான் இருந்தேன். கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு பாவியும் திரும்பிப் பாக்கலை."

"தெரியும். கை தூக்கினீங்க. பாத்தேன்."

"நீங்க மட்டும்தான் பாத்தீங்க."

ரிந்தலா மிச்ச மருந்தை எடுக்கக் குனிந்தாள். அப்போது அவள் நெற்றியில் குளிர்ந்தது.

புருவங்களுக்கு நடுவே, கொசு கடித்த இடத்தில். சில்லென்று, ஐஸ் தண்ணீர் இறங்கினாற்போல, மெல்லப் பக்கவாட்டில் பரவியது. வலிக்கவில்லை. அவள் முறைத்துப் பார்த்தாள். இழுத்துப் பிடித்து முறைத்தாள்.

எதுவும் அசையவில்லை.

விரலால் தொட்டாள். வழவழவென்று இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் அங்கே இருந்த கோடுகள், அப்பா பார்த்துச் சிரித்த கோடுகள், இல்லை.

நுஹாத்தின் ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. "உங்களுக்கும் குத்திட்டாளா?"

"ம்."

"அந்த மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதி."

"அத நீங்க போட்டுக்கோங்க." நுஹாத் எழுந்திருக்கப் பார்த்தாள். "எனக்குப் பாதி மூஞ்சி போதும்மா. வயசாயிடுச்சு, யார் பாக்கப்போறா?"

குளிர் கன்னத்துக்கு வந்துவிட்டது. மருந்து நிறைந்த ஊசி ரிந்தலாவின் கையில் இருந்தது. கை அவளுடையது. இன்னும் அவளுடையது. தனக்குப் போட்டுக்கொள்ளலாம். யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். பாதி மருந்துக்குப் பாதி முகமாவது மிஞ்சும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளுக்கும் இவளுடைய மறுபாதி புன்னகைப்பதைப் பார்த்துக்கொண்டு எதிர்த்த கிளினிக்கில் இருக்கலாம். லுபானா அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். எல்லோரும் தன் முகத்துக்குத்தான் முதலில் பயப்படுவார்கள் என்று.

முடியாது, என்றாள் ரிந்தலா. சத்தமாகவே சொன்னாள். "முடியாது. உனக்குக் கிடைக்காது."

"யாரைச் சொல்றீங்க?"

"வாயை மூடிட்டுப் படுங்க." பல் மருத்துவர் நோயாளியை வாயை மூடச் சொல்வது உலகத்திலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும். நுஹாத்துக்குக்கூட ஒரு பக்கமாகச் சிரிப்பு வந்துவிட்டது.

வலது கன்னத்தில் குத்தினாள். வலது நெற்றியில். கண்ணோரத்தில். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கடைசிவரை அழுத்தினாள். உதட்டோரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் புன்னகை ஒரு நொடி தள்ளாடியது, அப்புறம் கரைந்து போனது. நுஹாத் முழுசாக எழுந்து உட்கார்ந்தாள். சுருக்கமும் மச்சமும் தொங்கலுமாக, கோணல்மாணலாக, தன் முகத்தோடு. இரண்டு கையாலும் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜன்னல் கண்ணாடியில் மோதியது, தெருவில் நாய் ஒன்று பதிலுக்குக் குரைத்தது.

அப்புறம் அவள் ரிந்தலாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

நாற்காலியிலிருந்து இறங்கினாள். பின்னால் போகவில்லை. கத்தவில்லை. கிட்டே வந்து, ரிந்தலாவின் முகத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, கட்டைவிரலால் இங்கேயும் அங்கேயும் அழுத்தி அழுத்தித் தேடினாள்.

"எங்கம்மா இருக்கீங்க? எங்க போனீங்க?"

"இங்கதான்," என்றாள் ரிந்தலா. உதடுகள் அசைந்தன, ஆனால் புன்னகையோடு அசைந்தன. உள்ளே அவள் பல்லைக் கடித்தாள், கண்ணை உருட்டினாள், ஊரையே எரிக்கிற கோபத்தோடு முறைத்தாள். சுவர்க் கண்ணாடியில் தெரிந்தவள் அழகாக இருந்தாள். முப்பதுக்கு மேல் ஒரு நாள் சொல்ல முடியாது.

நுஹாத் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து பச்சைப் பச்சையாக ஒரு வசவு வந்தது, கடைத்தெருவில்கூட யாரும் சொல்லாத வசவு. இரண்டு கட்டைவிரலையும் ரிந்தலாவின் புருவங்களில் வைத்தாள். மாவு பிசைகிற பலத்தோடு நடுவே தள்ளினாள். தோல் மடிந்தது. இரண்டு கோடு விழுந்தது. நெட்டுக்குத்தாக. ஆழமாக.

விரலை எடுத்தாள். கோடு மெல்ல உப்பி, சமமாகி, இல்லாமல் போனது.

மறுபடி தள்ளினாள். மறுபடி விழுந்தது. எடுக்கவில்லை.

"விடாதீங்க," என்றாள் ரிந்தலா.

"விடமாட்டேன்."

"தூங்கினாலும் விடாதீங்க."

"தூங்கமாட்டேன்மா. எவ வர்றான்னு பாத்துடறேன்."

இருவரும் அப்படியே நின்றார்கள். ரிந்தலாவின் இரண்டு கைகளும் நுஹாத்தின் மணிக்கட்டுகளை இறுகப் பிடித்து, தன் நெற்றியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தன. கண்ணாடியில், ஒரு கிழவியின் நடுங்கும் கட்டைவிரல்களுக்கு நடுவே, அவளுடைய முறைப்பு கோபமாக நின்றது. அதற்குக் கீழே அந்தப் புன்னகை, அவசரமில்லாமல், விரல்கள் சலிக்கட்டும் என்று காத்திருந்தது.